ஆறு நாள் மலைநடைக்குச் சுமை குறைந்த உணவு: கத்திரி வெயிலில் இப்போதே உலர்த்தி வைக்கலாமா?

மலைநாடி, சத்துவாச்சாரி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பர்கள் இருவரும் வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் இமாசலப் பிரதேசத்துக்குச் செல்கிறோம். கின்னௌர் மாவட்டத்துக் காஃப்னு என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பாபா கணவாயைக் கடந்து, ஸ்பிட்டிப் பக்கத்தில் உள்ள முத் கிராமத்தில் இறங்குவது எங்கள் திட்டம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறார். அவருக்கு வேண்டிய உணவை அவரே கொண்டுவந்துவிடுவார். கோவேறு கழுதையோ சுமை தூக்குபவரோ கிடையாது. கடையோ ஊரோ இல்லாத நடை ஐந்து நாள். வானிலை கெட்டு ஒரு நாள் கூடாரத்திலேயே தங்க நேர்ந்தாலும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக ஆறு நாள் உணவு என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு உத்தராகண்டில் நான்கு நாள் நடை சென்றபோது பட்ட பாடுதான் இந்தக் கேள்வியை எழுத வைக்கிறது. மூவருக்குமாக ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, இரண்டு கிலோ வெங்காயம், இரண்டு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு புட்டி எண்ணெய், இரண்டு தேங்காய் என்று வீட்டுச் சமையலறையையே முதுகில் ஏற்றிக்கொண்டு சென்றோம். இரண்டாம் நாள் இரவு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தும் பருப்பு மசியவில்லை. விரலால் நசுக்கினால் இரண்டாகப் பிளந்ததே தவிரக் குழையவில்லை. அந்த ஒரு வேளைச் சாம்பாருக்காகவே எரிவாயுக் குப்பியில் பெரும்பகுதி தீர்ந்துபோயிற்று. மூன்றாம் நாள் வழியில் கிடைத்த குளிர்ந்த நீரில் அவலை நனைத்துத் தின்றுகொண்டு நடந்தோம். அந்த அவல்தான் அந்தப் பயணத்தில் எங்களுக்கு உருப்படியாக உதவிய உணவு என்பதைத் திரும்பி வந்த பிறகே உணர்ந்தேன்.

இம்முறை ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உணவு எடுத்துச் செல்ல வேண்டும், நம் வீட்டில் செய்யக்கூடியவற்றில் எவை இதற்கு ஏற்றவை, இப்போது அடிக்கிற கத்திரி வெயிலில் உலர்த்தி வைத்தால் செப்டம்பர் வரை கெடாமல் இருக்குமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கடையில் விற்கும் வெளிநாட்டு உலர் உணவுப் பொட்டலங்கள் எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. மூவரில் ஒருவர் சைவம் என்பதாலும், ஒரே பாத்திரத்தில் சமைப்பதாலும் எல்லாமே சைவமாக இருக்கட்டும்.

வழிப்போக்கர், காட்பாடி:

வணக்கம். உங்கள் பருப்பு வேகாமல் போனதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணம் அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி குறைகிறது. வேலூரில் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 3,500 மீட்டரில் 88 டிகிரியிலும், 4,000 மீட்டரில் 86 அல்லது 87 டிகிரியிலும் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவி போகுமே தவிரச் சூடு ஏறாது. குக்கரைச் சுமந்து செல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேருக்காக அந்த எடையைத் தூக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கீழேயே வேகவைத்து, வறுத்து, அரைத்து முடித்துவிட்டு, மேலே வெந்நீர் ஊற்றி ஊறவைப்பது மட்டுமே மிச்சம் இருக்கும்படி தயாரித்துக்கொள்வதுதான் சரியான வழி.

எடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 650 கிராமிலிருந்து 700 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 2,800 கலோரிக்குக் குறையாமல் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொரு 100 கிராமும் சராசரியாக 400 கலோரிக்கு மேல் தர வேண்டும். அரிசி, அவல், சத்துமாவு ஆகியவை 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 முதல் 380 வரைதான் தரும். வேர்க்கடலை 560க்கு மேலும், கொப்பரை 650க்கு மேலும், நெய் ஏறத்தாழ 900மும் தருகின்றன. மாவுப் பொருளிலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி என்கிற கணக்குத்தான் இதற்கு அடிப்படை. ஆகவே வயிறு நிறைய அரிசியும் அவலும் இருக்கட்டும். சுமையைக் குறைப்பது நெய்யும் வேர்க்கடலையும் கொப்பரையும்தான். நெய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. குளிரில் உறைந்து கிடப்பதால் பைக்குள் கசியாது. நல்லெண்ணெய்ப் புட்டி ஒன்று என் தூக்கப்பைக்குள் வழிந்து, ஐந்து இரவுகள் அந்த வாசனையோடும் ஈரத்தோடும் உறங்கியிருக்கிறேன்.

என்னுடைய ஒரு நாள் உணவு இப்படி அமையும். காலையில் சத்துமாவு 60 கிராமும் பால்பொடி 25 கிராமும் நாட்டுச் சர்க்கரை 20 கிராமும் ஒரே சிறு பையில் கலந்து வைத்திருப்பேன். குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் வைத்தால் கட்டி தட்டாது. நடக்கும்போது கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை மூன்றுமாகச் சேர்ந்து 150 கிராம், இடுப்புப் பையிலேயே இருக்கும். இதை ஒரே வேளையாக உட்கார்ந்து தின்னாமல் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். நண்பகலில் அடுப்பே மூட்டுவதில்லை. கெட்டி அவல் 90 கிராமைக் காலையில் புறப்படும்போதே அகலவாய்ப் புட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டால் பதினொரு மணிக்கெல்லாம் சோறு போல இருக்கும்; அதில் புளிப்பொடியும் சிறிது நெய்யும் வேர்க்கடலையும் கலந்தால் முடிந்தது. மாலையில் கூடாரம் அடித்ததும் சுக்கு காபியும் ஒரு கைப்பிடிப் பொரிமாவும். இரவுக்கு உலர்த்திய சோறு 110 கிராம், பருப்புப் பொடி 35 கிராம், நெய் 20 கிராம், ஏதாவது ஒரு வற்றல். இவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 620 கிராம், 2,600 கலோரி. கணவாயைக் கடக்கும் நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் மட்டும் கொப்பரைத் துண்டோ முந்திரியோ 50 கிராம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குளிரும் ஏற்றமும் கேட்கும் அளவை நீங்கள்தான் உங்கள் உடம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எனக்கு 620 கிராம் போதும் என்பதால் உங்கள் நண்பருக்கும் போதும் என்று சொல்ல முடியாது.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். வெந்நீர் மட்டும் வைப்பதாக இருந்தால், காற்றையும் குளிரையும் சேர்த்து ஒரு லிட்டருக்கு 15 கிராம் எரிவாயு என்று நான் கணக்கிடுகிறேன். மூவருக்கும் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வெந்நீர் என்றால் 60 கிராம், ஆறு நாளைக்கு 360 கிராம். 230 கிராம் குப்பிகள் இரண்டு போதும். ரயிலிலும் விமானத்திலும் இவற்றைக் கொண்டுசெல்லத் தடை உள்ளதால் காட்பாடியில் ஏறும்போது கையில் இருக்கக் கூடாது. டெல்லியில் மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

உலர்த்தும் முறையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு வழிவிடுகிறேன்.

அன்னம், ஆரணி:

தம்பி, வணக்கம். நான் இமயமலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மாமனார் ஆண்டுதோறும் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே சென்றவர். அவருக்கும் உடன் சென்றவர்களுக்கும் வழிநடை உணவு கட்டிக் கொடுத்தது பதினாறு ஆண்டுகள் என் கைதான். அத்துடன் என் மகன் இப்போது மலை மலையாக ஏறுகிறான். ஆகவே எழுதத் துணிகிறேன்.

சோறு உலர்த்துவதற்கு இந்தக் கத்திரி வெயிலைவிட நல்ல காலம் கிடையாது. ஆடி பிறந்து மேகம் மூடத் தொடங்கிவிட்டால் வேலூர் வெயிலையும் நம்ப முடியாது. பச்சரிசி வேண்டாம், குழைந்து ஒட்டிக்கொள்ளும். சன்னமான புழுங்கலரிசியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணிப் பக்கத்துப் பொன்னி இதற்கு மிகப் பொருத்தம். வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வைத்து, பருக்கை நன்றாக வெந்ததும் கஞ்சியை வடித்துவிட்டு, ஆறிய கொதிநீரை மேலே ஒரு முறை ஊற்றி வழியவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் கஞ்சிப் பசை போனால்தான் பருக்கை பருக்கையாகப் பிரியும். உப்பைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. குறிப்பாக எண்ணெய் ஒரு துளிகூடக் கூடாது. எண்ணெய் பட்ட சோறு உலர்ந்தாலும் ஒரு மாதத்தில் காறல் வாசனை அடித்துவிடும்.

விடியற்காலையிலேயே சோற்றை வடித்து, ஏழு மணிக்குள் மொட்டை மாடியில் பரப்பிவிட வேண்டும். துவைத்துக் கொதிநீரில் அலசிய வெள்ளை வேட்டியை விரித்து, பருக்கை மேல் பருக்கை ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே மெல்லிய துணியோ கொசுவலையோ போட்டு நான்கு மூலையிலும் கல் வையுங்கள். பதினொரு மணி அளவில் கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, ஒட்டியிருப்பவற்றை உதிர்த்துவிடுங்கள். நண்பகல் இரண்டு மணிக்குள் வெளிப்புறம் காய்ந்து கண்ணாடி போல ஆகிவிடும். உள்ளே ஈரம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஒரு பருக்கையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பல்லில் சவ்வு மாதிரி ஒட்டினால் காயவில்லை. காயாததை இரவு முழுவதும் சும்மா மூடி வைத்துவிட்டு மறுநாள் காயவைக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஈரச் சோறு இரவில் கெடும். கெட்டதை மறுநாள் வெயில் நல்லதாக்கிவிடாது. அன்றைக்கே குளிர்பெட்டியில் திறந்த தட்டில் வைத்து, காலையில் மறுபடி வெயிலுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு கிலோ அரிசியை ஒரே நாளில் உலர்த்த ஆசைப்படாமல், தினமும் கால் கிலோவாகச் செய்தால் ஒரே நாளில் முழுவதும் காய்ந்துவிடும். கால் கிலோ அரிசிச் சோறு காய்ந்த பிறகு ஏறத்தாழ மறுபடி கால் கிலோதான் நிற்கும்.

நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். மூன்றாம் நாள் டப்பாவின் மூடியைத் திறந்து உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்த டப்பா முழுவதையும் மறுபடி வெயிலில் போட வேண்டும். இப்படிச் சரிபார்த்த சோறு செப்டம்பர் வரை தாராளமாக இருக்கும். மேலே போன பிறகு, சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே குளிர்ந்த நீரில் ஊறப்போட்டுவிட்டு, பிறகு ஒரு கொதி வரவிட்டு இறக்கி, பாத்திரத்தைத் துண்டிலோ கம்பளிச் சட்டையிலோ சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் மலர்ந்துவிடும்; எரிவாயுவும் மிச்சம்.

வெங்காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வட ஆற்காட்டு வீடுகளில் இந்த வெயிலுக்குத்தான் தாளிப்பு வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பிசறி உருண்டை பிடித்து, நாள்தோறும் வெயிலில் வைத்து, மறுபடி பிசைந்து உருட்டி, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைப்பது. நீங்கள் சென்ற ஆண்டு சுமந்த இரண்டு கிலோ வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். கோலிக்குண்டு அளவு வடகம் ஒன்றை நெய்யில் உதிர்த்துப் பொரித்துச் சோற்றில் கொட்டினால், வெங்காயமும் பூண்டும் தாளிப்பும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடும். மூவருக்கு ஆறு இரவுக்கு பன்னிரண்டு உருண்டை போதும். கையில் எடுத்துப் பார்த்தால் எடையே தெரியாது. வீட்டில் பாட்டி, பெரியம்மா யாராவது இருந்தால் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் நன்றாகக் காய்ந்து முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

பொடி வகைகளை இப்போது செய்யாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் செய்யுங்கள். பருப்புப் பொடிக்குத் துவரம்பருப்பும் பொட்டுக்கடலையும் சரிபாதி, மிளகு, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு. துவரம்பருப்பைச் சிறு தீயில் உள்ளே வரை சிவக்க வறுக்க வேண்டும், ஏனென்றால் மேலே அது வேகப்போவதில்லை. வறுபட்டதுதான் அதற்கு வேக்காடு. புளியை நார், கொட்டை நீக்கிப் பிய்த்து வெயிலில் முறுகக் காயவைத்து, வறுத்த மிளகாய், தனியா, வெந்தயம், பெருங்காயத்தோடு அரைத்தால் அவலுக்குப் புளிப்பொடி தயார். தேங்காய் சேர்த்த பொடி எதுவும் வேண்டாம். கொப்பரையைத் தனித் துண்டாகவே கொண்டுசெல்லுங்கள்.

பொருள்விளங்கா உருண்டை பிடித்துத் தரச் சொல்லி என் மகன் ஒருமுறை கேட்டுக் கொண்டுபோனான். குளிரில் அது கல்லாகி, உடன் வந்த ஒருவருக்குப் பல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து உருண்டை பிடிப்பதில்லை. அதே மாவை வெல்லப் பொடியோடு உதிராகவே கொடுத்தனுப்புகிறேன். அப்படியே வாயில் போடலாம், வெந்நீரில் கரைத்துக் கஞ்சியாகவும் குடிக்கலாம்.

சாமைக்காடு, போளூர்:

வணக்கம். மேலே எழுதியவர்கள் இருவரும் சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் ஒரு பெரிய செய்தி விடுபட்டுப் போயிற்று. உலர் உணவின் எடையை மட்டும் கூட்டிவிட்டுச் சுமை குறைந்தது என்று சொல்லக் கூடாது. அதை உணவாக்கும் தண்ணீர் வழியில் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். நூறு கிராம் உலர் சோறு உண்ணத்தக்கதாக மாற இருநூறு, இருநூற்றைம்பது மில்லி தண்ணீர் வேண்டும். ஓடையோரமாகவே செல்லும் வழியில் அந்தத் தண்ணீரை நீங்கள் சுமப்பதில்லை. நீங்கள் போகிற வழியில் கணவாய் வரை ஆறு கூடவே வருகிறது என்பதால் அங்கே இந்த முறை பொருந்தும். ஆனால் கணவாயில் ஏறி இறங்கும் நாளில் மட்டும் தண்ணீர் சேராமல் அப்படியே தின்னக்கூடியவற்றையே பகல் முழுவதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு அவல் வேண்டாம்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. ஒரு மாசிக் கடைசியில் ஜவ்வாது மலையில் உறவினர் ஊர் ஒன்றிலிருந்து இன்னோர் ஊருக்குப் பழைய நடைபாதையில் நடந்தபோது, வழியில் ஓடை உண்டு என்று நம்பி அவலும் சத்துமாவும் மட்டும் எடுத்துச் சென்றேன். ஓடை வறண்டு மணல்தான் கிடந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அவலை நனைப்பதா, அதைக் குடிப்பதா என்ற நிலையில், பை நிறைய உணவு இருந்தும் பசியோடு பிற்பகல் மூன்று மணிவரை நடந்தேன். என் அப்பா அந்த வழியில் எப்போதும் தயிர்ச்சோறோ கூழோதான் கொண்டுபோவார். உணவின் உள்ளேயே தண்ணீர் இருக்கிறது என்பதால்தான் அப்படிச் செய்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆகவே கோடையில் நம் பக்கத்து மலைகளில் ஒரு நாள் நடைக்கு உலர் உணவு சுமை குறைந்தது அல்ல. வாழை இலையில் கட்டிய புளிச்சோறும் இரண்டு எலுமிச்சம்பழமுமே குறைந்த சுமை.

செப்டம்பருக்கு முன் ஒத்திகை பார்க்க நினைத்தால், பர்வதமலை போன்று வழக்கமாக மக்கள் ஏறும் வழியிலோ, வனத்துறை அனுமதித்துள்ள பாதையிலோ செல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் அடுப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கக் கூடாது. போதைப்புல் என்னும் உயரமான காட்டுப்புல் காய்ந்து நிற்கும் சரிவில் சிறு எரிவாயு அடுப்பும் ஆபத்துத்தான். ஆகவே ஒத்திகை நடைக்கு ஊறவைக்கும் உணவை மட்டும் சோதித்துப் பாருங்கள். வெந்நீர் வேலையை வீட்டு மாடியிலேயே செய்து பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கரடி நடமாட்டமும் உண்டு. உணவுத் துணுக்கையும் நெகிழிப் பையையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று: ஆறு இரவும் அரிசியாகவே வேண்டாம் என்று நினைத்தால் சாமையைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் விளையும் சாமையை ரவையாக உடைத்து, வாசனை வரும்வரை வறுத்து வைத்துக்கொண்டால், உப்புமாவாகவோ கஞ்சியாகவோ அரிசியைவிட விரைவில் வெந்துவிடும். சாமை அவலும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அரிசி அவலைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற வேண்டும்.

செவிலி, தொரப்பாடி:

சுருக்கமாக ஒன்றிரண்டு செய்திகள். 3,500 மீட்டருக்கு மேல் பலருக்கும் பசி மந்தப்படும். நெய்யும் எண்ணெயும் நிறைந்த உணவைப் பார்த்தாலே குமட்டும். ஆகவே கொழுப்பு மிகுந்தவற்றைக் கீழே உள்ள முதல் நாள்களிலும் இறங்கும் நாள்களிலும் வைத்துக்கொண்டு, உயரமான முகாம்களுக்குக் கஞ்சி, ரசப்பொடி போட்ட சூப், இனிப்பு ஆகியவற்றை ஒதுக்குவது நல்லது. வழிப்போக்கர் ஐயா கணவாய் நாளுக்குக் கொப்பரை சொல்லியிருக்கிறார். நான் அந்த நாளுக்குப் பேரீச்சையும் கடலை மிட்டாயும் கூடுதலாக வைத்திருக்கச் சொல்வேன்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஒருவருக்கு நான்கைந்து இருக்கட்டும். அவை தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவை மாற்றக் கூடாது. ஊறவைத்த அவலையும் கரைத்த பால்பொடியையும் மிச்சம் வைத்து அடுத்த வேளைக்கு உண்ணாதீர்கள். மலை உயரத்தில் தலைவலியோடு வாந்தி வந்தால், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொண்டு மேலே ஏறக் கூடாது. அது உயர நோயாக இருக்கலாம்; ஏறுவதை அங்கேயே நிறுத்த வேண்டும், குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

மலைநாடி, சத்துவாச்சாரி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து, செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

அன்னம் அம்மா சொன்னபடி தினமும் கால் கிலோவாக எட்டு நாள் சோறு உலர்த்தினேன். இரண்டாம் நாள் அவசரப்பட்டுக் கனமாகப் பரப்பிவிட்டதால் மாலையில் பல்லில் ஒட்டியது; அதைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காயவைத்தும் லேசான புளிப்பு வாசனை இருந்ததால் கொட்டிவிட்டேன். மற்ற ஏழு நாளும் மாலை ஐந்து மணிக்கே ‘டக்’கென்று உடைந்தது. ஏழு நாள் சோறும் சேர்ந்து தராசில் 1,720 கிராம் நின்றது. மூவருக்கு நாளைக்கு 330 கிராம் என்றால் ஐந்து இரவுக்கு இது போதும். ஆறாம் இரவுக்குச் சாமை ரவை என்று முடிவு செய்துவிட்டோம். வடகம் குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் அடுப்பும் பாத்திரமும் வைத்து ஒரு நாள் உணவு முழுவதையும் மூவருமாகச் சமைத்துச் சாப்பிட்டோம். சோறு அம்மா சொன்னபடியே மலர்ந்தது. நடுவில் ஒன்றிரண்டு பருக்கை மட்டும் கடினமாக இருந்தது. ஊறும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டியதும் அதுவும் சரியாகிவிட்டது. ஒத்திகை நடையாகப் பௌர்ணமியை ஒட்டிப் பர்வதமலைக்கு ஏறினோம். சாமைக்காடு ஐயா சொன்னதை நினைவில் வைத்து, ஒருவர் அவலும் ஒருவர் புளிச்சோறும் கொண்டுவந்தார்கள். அவல் கொண்டுவந்தவர் கூடுதலாக அரை லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. கூட்டிப் பார்த்தால் இருவர் சுமையும் ஒன்றுதான். எனக்கு இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தது பெரிய பாடம்.

செவிலி அம்மா சொன்னதை ஏற்று, கொப்பரையை முதல் இரண்டு நாளுக்கு மாற்றிவிட்டோம். இப்போது ஒருவருக்கு ஆறு நாள் உணவு பைகளோடு சேர்த்து 4 கிலோ 100 கிராம். சென்ற ஆண்டு நான்கு நாளைக்கு நான் ஒருவனே சுமந்த உணவு அதைவிடக் கூடுதல் எடை.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. சுண்டைக்காய் வற்றலையும் கொத்தவரை வற்றலையும் நெய்யில் வறுத்தால் எரிவாயுவும் நெய்யும் செலவாகின்றன. வீட்டிலேயே வறுத்துக் கொண்டுபோனால் ஆறு நாள் மொறுமொறுப்பாக இருக்குமா?

அன்னம், ஆரணி:

எண்ணெயில் பொரித்துக் கொண்டுபோனால் இரண்டாம் நாளே நமுத்துவிடும், தம்பி. மூன்றாம் நாள் காறும். வெறும் இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் கருகாமல் வறுத்து, ஆறியதும் கையால் நொறுக்கிப் பொடியாக்கி, பருப்புப் பொடியோடு கலந்துவிடுங்கள். அப்போது தனியாக வறுக்கவும் வேண்டாம், மொறுமொறுப்புப் போய்விட்டதே என்ற கவலையும் வேண்டாம். கொத்தவரை வற்றல் அப்படிப் பொடியாகாது, நார் நாராக நிற்கும். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மட்டும் போதும். கொட்டிய அந்த ஒரு நாள் சோற்றுக்கு மாற்றாக, வெயில் இருக்கும் இந்த வாரத்துக்குள் இன்னொரு கால் கிலோ உலர்த்திக்கொள்ளுங்கள்; வானிலை கெட்டால் ஆறு நாள் ஏழாகலாம்.